பழியும் பதவியும்

1954இல் லண்டனிலும் 1956இல் டில்லியிலும் இரண்டு மந்திரிகள் பதவி விலகினார்கள். சர் தாமஸ் டக்டேல் ஒருவர், லால் பகதூர் சாஸ்திரி மற்றவர். அரசியல் தர்மம் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் இந்த இரண்டு பெயர்களையும் எடுத்து வைப்பது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. எனக்கு அவர்களைவிட, அவர்கள் விலகியதைப் பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இரண்டு துணை மந்திரிகள் மீதுதான் அக்கறை. டக்டேலின் விவசாய இலாகாவில் துணையாக இருந்தவர் காரிங்டன் பிரபு. கன்சர்வேடிவ் கட்சி, பத்தொன்பது வயதிலேயே தகப்பனாரின் பட்டம் கைக்கு வந்துவிட்டதால் பாராளுமன்றத்துக்கு ஒரு தேர்தலிலும் நிற்காமலேயே அரை நூற்றாண்டு அரசியல் பண்ணியவர். சாஸ்திரியின் ரயில்வே இலாகாவில் துணை மந்திரி நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து ஓ. வி. அழகேசன். இருவருக்கும் பின்னால் அவரவர் முறை வந்தது. காரிங்டனுக்கு 28 வருஷம் கழித்து, அழகேசனுக்கு 9 வருஷம் கழித்து. மூத்தவர் ஒருவர் வெளியே போவதைப் பார்த்தவன் எதைக் கற்றுக்கொள்கிறான், எதைக் கற்றுக்கொள்ளாமல் விட்டுவிடுகிறான் என்பது சின்னக் கேள்வி அல்ல.

டக்டேல் விவகாரத்தின் வேர் ஒரு நிலம். இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் கிரிச்சல் டவுன் என்ற இடத்தில் 725 ஏக்கரை 1938இல் விமானப்படைக்காக, குண்டு போட்டுப் பழகுவதற்கென்று, அரசாங்கம் எடுத்துக்கொண்டது. யுத்தம் முடிந்தது. குண்டு போடும் தேவை போயிற்று, நிலம் மட்டும் திரும்பவில்லை. விவசாய இலாகாவுக்குக் கைமாறி, இலாகா அதை ஒரே பண்ணையாக்கித் தான் தேர்ந்தெடுத்த குத்தகைதாரரிடம் கொடுக்க ஏற்பாடு செய்தது. நிலத்தின் ஒரு பகுதி முன்பு எந்தப் பிரபுவுக்குச் சொந்தமாயிருந்ததோ அவர் மகளின் கணவர், கப்பற்படை அதிகாரியாக இருந்த மார்ட்டன், எங்கள் நிலத்தைக் காசு வாங்கிக்கொண்டு எங்களுக்கே கொடுங்கள் என்று கிளம்பினார். இலாகா மழுப்பியது. விசாரணை வைக்கும்படி ஆயிற்று. லஞ்சம் இல்லை, ஊழல் இல்லை, ஆனால் அதிகாரிகள் குடிமகனிடம் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று 1954 ஜூனில் விசாரணை அறிக்கை வந்தது. ஜூலை 20ஆம் தேதி காமன்ஸ் சபையில் டக்டேல் எழுந்து, தம் அதிகாரிகளின் தவறுகளுக்கு முழுப் பொறுப்பும் தம்முடையதே என்று சொல்லி, ராஜிநாமாவை அறிவித்தார். காரிங்டனும் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். சர்ச்சில் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

(உளுந்தூர்பேட்டைக்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு விஷயம் நெருக்கமாக இருக்கும். அதே யுத்தத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று நம் ஊர்ப்பக்கமும் கிடக்கிறது. விமானம் வராத ஓடுதளம். 'உடான்' திட்டத்தில் விமானமில்லாத ஊர்களின் பட்டியல் போட்டபோது அதன் பெயரும் வந்து, பத்திரிகைகளில் ஒரு சுற்றுப் போயிற்று. எந்தக் காரியத்துக்காக நிலம் எடுத்தார்களோ அந்தக் காரியம் முடிந்த பிறகு நிலம் யாருடையது என்ற கேள்வியே நம் பக்கத்தில் நெடுங்காலம் எழுந்ததில்லை. 1894ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் அரசு எடுத்த நிலம் எடுத்ததுதான். ஐந்து வருஷம் பயன்படாமல் கிடந்தால் சொந்தக்காரருக்கோ அரசின் நில வங்கிக்கோ போகலாம் என்று ஒரு பிரிவு எழுத 2013 வரை ஆயிற்று. அதிலும் அந்த 'கோ' ரொம்ப முக்கியம்.)

டக்டேலின் ராஜிநாமா பாடப்புத்தகத்தில் ஏறியது. தான் செய்யாத தவறுக்குத் தன் பதவியைக் கொடுத்த உத்தமர். முப்பது வருஷம் இந்த வியாக்கியானம் ஓடிற்று. பிறகு பழைய அரசாங்கக் காகிதங்கள் வெளியே வந்தன. பார்த்தால் கதை வேறு. அதிகாரிகளின் முடிவு டக்டேலுக்குத் தெரியாமல் நடந்ததல்ல. பண்ணையைப் பிரிக்காமல் வைத்திருப்பது அவருக்கும் சம்மதமான கொள்கை. அவரை வெளியே தள்ளியது பொறுப்புணர்ச்சி என்பதைவிட, சொந்தக் கட்சியின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நிலப்பிரபுக்களின் ஆத்திரம். நிலத்தின் மேல் அரசு கை வைப்பதை ஜன்மப் பகையாக நினைத்த கட்சியில், அக்கட்சி மந்திரியே அரசுப் பண்ணைக்காரனாக நின்றால் பொறுப்பார்களா? இன்னொன்று. விலகலுக்கு முன்னுதாரணம் என்று நாம் கொண்டாடும் அதே விவாதத்தில்தான் உள்துறை மந்திரி மாக்ஸ்வெல் ஃபைஃப், மந்திரி எப்போது அதிகாரிக்காக நிற்க வேண்டும், எப்போது நிற்க வேண்டியதில்லை என்று விதி வகுத்தார். அதன் கடைசிப் பிரிவின் சாரம்: மந்திரிக்குத் தெரியாமல், அவர் ஒப்பாத காரியத்தை அதிகாரி செய்தால் மந்திரி அவனை ஆதரிக்க வேண்டியதில்லை, ஆனால் சபைக்குப் பதில் சொல்லும் கடமை மந்திரியுடையதே. பதில் சொல்வது வேறு, வெளியேறுவது வேறு. எல்லா நாட்டு மந்திரிகளும் கடைசியில் இந்த வாசல் வழியாகத்தான் தப்பினார்கள். போகப்போக அவர்கள் பதில் சொல்வதையும் விட்டார்கள்.

ஆகவே ஆங்கில முன்னுதாரணத்தை ஆராதிக்கிறவர்கள் சற்று நிதானிக்கலாம். நம்முடையது அதைவிடக் கடினமான உதாரணம்.

1956 நவம்பர் 22ஆம் தேதி இரவு எழும்பூரிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுப்புரம் தாண்டிக் கார்டு லைனில் இறங்கி, உளுந்தூர்பேட்டையையும் விருத்தாசலத்தையும் கடந்து போயிற்று. நல்ல மழைக்காலம். மறுநாள் விடியும் முன் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில், வெள்ளம் அரித்திருந்த இடத்தில், எஞ்சினும் பெட்டிகள் பலவும் ஆற்றில் விழுந்தன. இறந்தவர்கள் 150 பேர் அளவில். அந்த வருஷமே சில மாதங்களுக்கு முன் ஹைதராபாத் பக்கம் மகபூப்நகரில் இதே போல் பாலம் போய் 100 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அப்போதே சாஸ்திரி ராஜிநாமா கொடுத்தார். நேரு வேண்டாம் என்றார். அரியலூருக்குப் பின் சாஸ்திரி மறுபடி கொடுத்தார். நேரு இம்முறை வாங்கிக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி எந்த விதத்திலும் காரணம் அல்ல என்றும், என்ன நடந்தாலும் நாம் பாட்டுக்கு இருந்துகொண்டிருப்போம் என்று யாரும் எண்ணக் கூடாது, ஒரு முறைமைக்காகவே ஏற்கிறேன் என்றும் பாராளுமன்றத்தில் அவர் விளக்கம் சொன்னார்.

இந்த விளக்கம் மேலோட்டமாகப் பார்த்தால் அபத்தம். காரணமில்லாதவனுக்கு என்ன தண்டனை? நம்மில் பலரும் இப்படித்தான் கேட்கிறோம்: 'மந்திரியா போய்ப் பாலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும்?' இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் குற்றத்தையும் பொறுப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். குற்றம் பங்குபோடக்கூடியது. மருதையாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்தைப் பார்த்து வந்த காங்மேன், அவன் சொன்னதைக் கேட்ட அல்லது கேட்காத இன்ஸ்பெக்டர், மழை எச்சரிக்கையை அனுப்பிய அல்லது அனுப்பாத அலுவலகம், பாலத்துக்கு அகலம் நிர்ணயித்த, முப்பது வருஷம் முன்பு ஓய்வு பெற்றுவிட்ட எஞ்சினியர், பணம் ஒதுக்காத போர்டு. ஒவ்வொருவருக்கும் கொஞ்சம். பங்கு போடப்போட அது மெலிந்துகொண்டே போய், கடைசியில் பழி மழையின் மேல் விழும். மழையைத் தண்டிக்க முடியாது. இறந்தவர்களின் கணக்கு அப்படியே ஆற்றோடு போய்விடும்.

பொறுப்பு என்பது பங்கு போட முடியாதது. அதனால்தான் பதவி என்று ஒன்றை உண்டாக்கினார்கள். சங்கிலி எங்காவது ஒரு பெயரில் போய் முடிய வேண்டும். நம் மொழியிலேயே இது இருக்கிறது. பொறுப்பு, பொறு என்பதிலிருந்து வருகிறது. சுமப்பதற்கும் சகிப்பதற்கும் ஒரே சொல். யார் தூக்கி வைத்தது என்று கேட்டுவிட்டுத்தான் சுமப்பேன் என்பவன் சுமை தூக்குகிறவன் அல்ல. இன்னும் ஸ்தூலமாக வேண்டுமானால் நம் ஊர்ப் பாலங்களின் கைப்பிடிச் சுவரைப் பார்க்கலாம். இன்னார் திறந்து வைத்தார் என்று கருங்கல்லில் மந்திரி பெயர். அவர் ஒரு கல் தூக்கி வைத்ததில்லை, கணக்குப் போட்டதில்லை. தான் கட்டாத பாலத்தின் மேல் தன் பெயரைப் பொறிக்கும்போது கூச்சப்படாதவர், அதே பாலம் விழும்போது மட்டும் 'நானா கட்டினேன்?' என்று கேட்பாரானால், அவருக்குத் தர்க்கம் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது. நேருவின் விளக்கத்தில் இருந்த நியாயம் இவ்வளவுதான், இது போதுமானது.

நம் பழைய கதைகளில் இதற்கு இரண்டு மாதிரிகள் உண்டு. பள்ளியில் இரண்டையும் ஒரே பாடமாக, நீதி தவறாமை என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மனுநீதிச் சோழன் குற்றம் செய்தவனைத் தேடுகிறான். கன்றின் மேல் தேர் ஏற்றியவன் மகன். மகன் மேல் தேர் ஏறட்டும். ராஜா ராஜாவாகவே இருக்கிறான், நியாயமும் கிடைக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியனின் கதை வேறு. பொய் சொன்னவன் பொற்கொல்லன், வெட்டியவன் காவலன். பாண்டியன் நினைத்திருந்தால் அந்த இருவரையும் இழுத்து வரச்சொல்லிக் கண்ணகியின் முன் நிறுத்தியிருக்கலாம், அது மனுநீதி வழி. அவன் அதைச் செய்யவில்லை. தானே கள்வன் என்றான், சிங்காசனத்திலேயே உயிர் போயிற்று. சேக்கிழாரின் மனுநீதி வரலாற்றில் இன்னொருவர் இருக்கிறார். நம் நினைவில் அவருக்கு இடமே இல்லை. இளவரசன் மேல் தேரைச் செலுத்தும்படி ஏவப்பட்ட மந்திரி அதைச் செய்ய மனமின்றித் தன் உயிரை விடுகிறார். பிறகுதான் சோழன் தானே தேரேறுகிறான். மேலே இருப்பவன் தர்மம் காட்டும்போது நடுவில் இருக்கிறவன் என்ன ஆகிறான் என்பதற்கு அந்த மந்திரியே சாட்சி. நம்முடைய நவீன அரசு இயந்திரம் மனுநீதியின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. கீழே இருப்பவன் மேல் தேர் ஏற்றும் பாதி. அவன் சொந்த மகனாக இருக்க வேண்டும் என்ற மறுபாதி விட்டுப்போயிற்று.

காரிங்டனுக்கு வருகிறேன். 1954க்குப் பின் அவருடைய வாழ்க்கை ஏறுமுகம்தான். ஆஸ்திரேலியாவில் ஹை கமிஷனர், கடற்படை மந்திரி, 1970இல் எட்வர்ட் ஹீத்தின் மந்திரிசபையில் பாதுகாப்பு மந்திரி, 1979இல் தாட்சரின் வெளிநாட்டு மந்திரி. லங்காஸ்டர் ஹவுஸில் பேச்சுவார்த்தை நடத்தி ரொடீஷியாப் பிரச்னையை முடித்து, ஜிம்பாப்வே பிறக்க வழி செய்தது அவர் சாதனை. 1982 ஏப்ரல் 2ஆம் தேதி அர்ஜென்டீனா ஃபாக்லாந்துத் தீவுகளில் இறங்கியது. படையெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில் அவர் இஸ்ரேல் போய் வந்திருந்தார். அந்தக் கடலில் நின்ற ஒரே ரோந்துக் கப்பலைத் திருப்பி அழைக்கப் பாதுகாப்பு இலாகா முடிவு செய்தபோது எதிர்த்தவரும் அவர்தான். ஆனாலும் ஏப்ரல் 5ஆம் தேதி விலகிவிட்டார். இருக்கும்படி தாட்சர் சொல்லிப் பார்த்தார். பாதுகாப்பு மந்திரி ஜான் நாட்டும் விலக முன்வந்தார், அவரை விடவில்லை. அர்ஜென்டீனா எடுத்த முடிவுக்கு பிரிட்டிஷ் அரசைக் குறை சொல்ல முடியாது என்று மறுவருஷம் ஃபிராங்க்ஸ் பிரபுவின் விசாரணை சொல்லிற்று. செய்யாத குற்றத்துக்குப் போனவர் என்ற பெயர் காரிங்டனுக்கு நிலைத்தது. 2018இல் 99 வயதில் அவர் இறந்தபோது எழுதிய அஞ்சலிகளிலும் இந்த ராஜிநாமாவுக்கே முதல் மரியாதை.

நானும் அதற்கு மரியாதை செய்கிறேன். ஆனால் அஞ்சலிகளில் அடக்கி வாசித்த இன்னொரு தேதி இருக்கிறது. 1972 ஜனவரி 30. வட அயர்லாந்தில் டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்கள் மேல் பிரிட்டிஷ் பாராசூட் படை சுட்டது. அன்று 13 பேர் செத்தார்கள். சுட்டவர்கள் ராணுவத்தினர், ராணுவத்துக்கு மந்திரி காரிங்டன். அவர் விலகவில்லை. விலக வேண்டும் என்று அவர் மதித்த வட்டத்தில் யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. அவசர விசாரணை ஒன்று நடத்தி ராணுவத்தின் மேல் பெரிய பிழை இல்லை என்று முடித்தார்கள். சுடப்பட்டவர்களால் யாருக்கும் ஆபத்து இருக்கவில்லை, சுட்டது நியாயமே இல்லை என்று இன்னொரு விசாரணை சொல்லி, ஒரு பிரதம மந்திரி மன்னிப்புக் கேட்க 2010 வரை ஆயிற்று.

ஒரே மனிதர். தன் இலாகாவின் ராணுவம் 13 பேரைச் சுட்டபோது இருந்தார். எவனோ ஒரு சர்வாதிகாரி வேறு கண்டத்தில் எடுத்த முடிவுக்காகப் போனார். பொறுப்பு என்பது செயலுக்கும் பதவிக்கும் இடையே உள்ள உறவு மட்டுமானால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? இங்கேதான் நாம் சாதாரணமாகக் கேட்கத் தவறும் கேள்வி வருகிறது. மந்திரி எதற்காக விலகினார் என்று கேட்கிறோம். யாருக்கு முன்னால் விலகினார் என்று கேட்பதில்லை. 1982இல் காரிங்டனின் முன்னால் இருந்தவர்கள் அவருடைய சொந்தக் கட்சியின் பின்வரிசைக்காரர்கள். மானம் போயிற்று என்று அந்த வார இறுதியில் கூட்டம் போட்டுக் கத்தியவர்கள். டக்டேலின் முன்னாலும் அதே கட்சியின் பின்வரிசைதான். மார்ட்டனால் ஒரு இலாகாவையே ஆட்டிவைக்க முடிந்தது என்றால், மந்திரிகள் சாப்பிடும் மேஜையிலேயே அவருக்கும் நாற்காலி இருந்ததுதான் காரணம். டெர்ரியில் செத்தவர்களுக்கு அந்த மேஜை தெரியாது. கன்சர்வேடிவ் கனவான்களின் கௌரவம் என்பது உண்மையான ஒன்று, அதைக் கேலி செய்வதில் எனக்கு ருசி இல்லை. ஆனால் அது ஒரு கிளப்பின் கௌரவம். உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடனை அது ராத்திரியோடு ராத்திரியாகத் தீர்த்துவிடும். வெளியே நிற்பவர்களின் கடன் அதன் ஏட்டில் ஏறுவதே இல்லை.

இப்படிப் பார்க்கும்போது அரியலூரின் உயரம் தெரிகிறது. மருதையாற்றில் போனவர்களுக்கு டில்லியில் ஆள் கிடையாது. ராத்திரி வண்டியில் தெற்கே போகிற ஜனங்கள். அவர்களுக்காகக் காங்கிரஸ் பின்வரிசை பொங்கி எழவில்லை. சாஸ்திரியை அசைக்கும் பலம் உள்ள யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. முதல் தடவை வேண்டாம் என்று சொல்லியும் இரண்டாம் தடவை போய் நின்றார். கேட்க ஆளில்லாத கடனை ஒருவர் கொடுத்தார் என்பதுதான் விஷயம். ஐந்து மாதத்தில் பொதுத்தேர்தல் முடிந்ததும் மந்திரிசபைக்குத் திரும்பி வந்துவிட்டாரே, இது என்ன பெரிய தியாகம் என்று சிரிப்பவர்கள் உண்டு. திரும்பி வந்தார்தான். பிராயச்சித்தத்தை ஆயுள் தண்டனையாக எண்ணுகிற நம் மனோபாவத்துக்கு அது உறுத்துகிறது போலும். டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் முந்த்ரா விவகாரத்தில் 1958இல் போய், பின்னால் திரும்பி அதே நிதி இலாகாவில் உட்கார்ந்தார். ஆனால் அவர் போனது சக்ளா கமிஷன் வாசலைக் காட்டிய பிறகு. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம் என்பதால் ஒன்றாகிவிடாது.

சாஸ்திரிக்குக் கிடைத்த புகழில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ராஜிநாமா வரலாறாயிற்று, ஆற்றில் போனவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? விபத்தே ஒரு மகானின் வாழ்க்கைச் சம்பவமாகச் சுருங்கிப்போயிற்று. இதற்கு சாஸ்திரி பொறுப்பல்ல, நாம்தான்.

அழகேசனை டில்லி தண்டிக்கவில்லை. தமிழ்நாட்டுத் தெருக்கள் அந்த வேலையைச் செய்தன. 1957 தேர்தலில் தி.மு.க. மேடைகள் அரியலூரையும் அவர் பெயரையும் எதுகையோடு முடிந்து கோஷமாக்கின. சுவரெல்லாம் அது. செங்கல்பட்டு அவர் கையை விட்டுப் போயிற்று, 1962இல்தான் திரும்பியது. அந்தக் கோஷம் அநியாயமானது என்று சொல்லலாம். துணை மந்திரிக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம். எனக்கு அது அநியாயமாகத் தோன்றினாலும் வேண்டாததாகத் தோன்றவில்லை. கிளப்புக்கு வெளியே நிற்பவர்களிடம் இருந்த ஒரே விசாரணைக் கமிஷன் அதுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனும் சேர்ந்து சொல்லக்கூடிய தீர்ப்பு. பழிகிடையாய்க் கிடப்பது என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. கேட்டது கிடைக்கும் வரை வாசலை விட்டு நகராமல் கிடப்பது. அந்தத் தேர்தலில் இறந்தவர்கள் அழகேசன் வாசலில் அப்படிக் கிடந்தார்கள்.

1965 பிப்ரவரி. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு எரிந்துகொண்டிருக்கிறது. தீக்குளித்தவர்கள் இருக்கிறார்கள், துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் இருக்கிறார்கள். 11ஆம் தேதி மத்திய உணவு மந்திரி சி. சுப்பிரமணியமும் ராஜாங்க மந்திரி அழகேசனும் ராஜிநாமா கொடுத்தார்கள். யாரிடம்? பிரதம மந்திரி சாஸ்திரியிடம். 1956இல் எந்த மனிதர் கடிதம் கொடுத்ததைப் பக்கத்திலிருந்து அழகேசன் பார்த்தாரோ அதே மனிதரிடம். சாஸ்திரி அதை ஏற்றுவிடவே இருந்தார் என்றும் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன்தான் தடுத்தார் என்றும் சொல்வார்கள். அன்று மாலையே சாஸ்திரி வானொலியில், ஆங்கிலம் பற்றி நேரு கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். ராஜிநாமாக்கள் வாபஸ் ஆயின.

இது வேறு வகை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடந்துவிட்டதற்காகப் போவது ஒன்று. இனி இதில் நான் சேர்த்தி இல்லை என்று போவது மற்றொன்று. முன்னது சுமப்பது, பின்னது இறக்கி வைப்பது. வேடிக்கை என்னவென்றால் ராஜிநாமா என்ற பாரசீகச் சொல்லுக்கு அசலில் சம்மதப் பத்திரம் என்றுதான் பொருள். கோர்ட்டில் வழக்கை ராஜி பண்ணிக்கொள்வது இன்றும் அதே சொல்தான். குடியானவன் தன் நிலப் பாத்தியதையை விட்டுக்கொடுத்து எழுதிக்கொடுத்த காகிதத்துக்கும் அந்தப் பெயர் இருந்தது. நான் போகிறேன் என்று முறைப்பதற்கும் நான் ஒப்புகிறேன் என்று பணிவதற்கும் அந்தக் காகிதம் ஒன்றே என்பது யோசிக்க வேண்டியது. அழகேசன் 1965இல் கொடுத்தது எந்த ராஜிநாமா? இந்தியை எதிர்த்து மட்டும்தானா? எட்டு வருஷம் முன்பு தெரு சொன்ன தீர்ப்பை மறந்துவிட்டா கையெழுத்துப் போட்டிருப்பார்? அப்படி நினைக்க எனக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. மனித மனம் அப்படித்தான் வேலை செய்யும் என்ற அனுமானம் மட்டும்தான். அதே போராட்டத்தில் சூடு நடத்திய போலீசுக்கு மேலே இருந்த மாநில மந்திரிசபையில் யாரும் போகவில்லை என்பது மட்டும் அனுமானம் அல்ல.

அதற்குப் பின் இந்த வழக்கம் தேய்ந்தே வந்திருக்கிறது. ரயில்வேயில் கடைசியாகச் சொல்லத்தக்கது 1999இல் கைசால் விபத்துக்குப் பின் நிதீஷ் குமார் விலகியது. 2023இல் பாலசோரில் 290 பேர் அளவில் இறந்தபோது அந்தப் பேச்சு இரண்டு நாளில் அடங்கிப்போயிற்று. தமிழ்நாட்டில் இதற்கு என்றே ஒரு சடங்கு உருவாகிவிட்டது. எந்தக் கட்சி ஆட்சி என்பதைப் பொறுத்து அது மாறுவதில்லை. 2004இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள்: கல்வி அதிகாரிகள் சஸ்பென்ஷன். 2018இல் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர்: கலெக்டரும் எஸ்.பி.யும் மாற்றம், ஒரு நபர் ஆணையம்.

2024 ஜூனில் நம் மாவட்டத்தின் முறை. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கும் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள். பெண்களும் அதில் உண்டு. கல்வராயன் மலைச் சாராயத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் தெரியாதவர் யார்? மலையை விட்டுத் தள்ளுங்கள், இது போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்த வியாபாரம். முந்தின வருஷம்தான் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டிலும் இதே மாதிரி 20 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். மகபூப்நகர் முடிந்து அரியலூர் வந்தது போலத்தான். கலெக்டரை மாற்றினார்கள், எஸ்.பி.யை சஸ்பெண்ட் செய்தார்கள், கீழே பல போலீஸ்காரர்களையும் சஸ்பெண்ட் செய்தார்கள், இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தார்கள், ஒரு நபர் ஆணையம் போட்டார்கள். மதுவிலக்கு மந்திரி விலக வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, அவர் விலகவில்லை. கேட்டவர்களும் தம் ஆட்சியில் இதையே செய்தவர்களாதலால் அந்தக் கேள்விக்குக் கனம் இல்லாமல் போயிற்று. நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. மாநில அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போய் டிசம்பரில் தோற்றது.

மாக்ஸ்வெல் ஃபைஃபின் விதியைத் திருப்பிப் போட்டால் இதுதான் கிடைக்கும். அங்கே அதிகாரிக்குக் கவசமாக மந்திரி. இங்கே மந்திரிக்குக் கவசமாக அதிகாரி. கலெக்டர் தப்பு செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. அது குற்றத்தின் கணக்கு, கோர்ட்டில் தீரட்டும். கருணாபுரத்தில் ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கட்டிய அந்த நாளில், 'இது என் காலத்தில், என் கையெழுத்தின் கீழ் நடந்தது' என்று சொல்ல ஒரு பெயர் முன்வரவில்லை என்பதே என் பேச்சு. விலகியிருந்தால் செத்தவர்கள் எழுந்து வந்திருப்பார்களா என்று கேட்கலாம். சாஸ்திரி விலகியதாலும் யாரும் எழுந்து வரவில்லை. ரயில் விபத்துகள் நிற்கவும் இல்லை. ராஜிநாமாவைப் பரிகாரமாக எண்ணுகிறவர்கள்தான் அதைப் பயனற்றது என்று தள்ளுவார்கள். எந்த கிளப்பிலும் உறுப்பினராக இல்லாத ஒரு தெரு ஜனங்களைப் பார்த்து, உங்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவன்தான் என்று சொல்வதற்கு அரசாங்கத்திடம் இருக்கிற பாஷை அது ஒன்றுதான். பத்து லட்சம் வேறு பாஷை. அது கேட்பவனை ரசீதில் கையெழுத்துப் போட வைத்து அனுப்பிவிடும்.

அன்று சட்டசபையில் முதல் தடவையாக உட்கார்ந்திருந்த இளம் உறுப்பினர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். அவர்களில் சிலர் இன்னும் பத்து வருஷத்தில் மந்திரியாவார்கள். டக்டேல் எழுந்து நின்றதைக் காரிங்டன் பார்த்தார், சாஸ்திரி கடிதம் கொடுத்ததை அழகேசன் பார்த்தார். இவர்கள் பார்த்தது, கலெக்டரின் மாறுதல் உத்தரவு.